பொட்டு வைக்காத வாத்தியங்கள்

புதிதாகக் குழுவில் சேர்ந்திருக்கும் தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். போன வாரம் உங்கள் பயிற்சியைப் பார்க்க வந்தேன். கிடாரைத் தொடுவதற்கு முன்னால் காலால் மிதித்து ஒலியை மாற்றுகிற பெட்டிகளைக் காலடியில் அடுக்கி, ஒயர் மாட்டி, எல்லா லைட்டும் எரிகிறதா என்று பார்த்து முடிப்பதற்குள் நான் டீ குடித்து, டம்ளரைக் கழுவியும் வைத்துவிட்டேன். அப்புறம் வாசித்தீர்கள். சுத்தமாகத்தான் இருந்தது. ஆனால் என் கால் ஆடவில்லை. தோள்பட்டை தேய்ந்து மேடையை விட்டவள் நான். கால் இன்னும் நன்றாகத்தான் இருக்கிறது. ஆகவே குற்றம் என் காலில் இல்லை.

எனக்கு மீஞ்சூர். சர்ச்சில் பாடகர் குழுவுக்குப் பேஸ் கிடார் வாசித்துக்கொண்டிருந்தவள், அங்கிருந்து வழிதவறி ப்ளூஸ் ராக் குழுவுக்கு வந்தேன். பாஸ்டருக்கு இன்றைக்கும் அந்த வருத்தம் உண்டு. திருவள்ளூர், கும்மிடிப்பூண்டி வட்டாரத்தில் நாங்கள் வாசிக்காத கம்பெனி விழா இல்லை. ப்ளூஸ் ராக் என்றதும் மிரள வேண்டாம். மூன்று கார்டு, அதாவது மூன்று சுரக்கூட்டு, நடந்து போகிற மாதிரி ஒரு தாளம், பாலிஷ் போடாத ஒரு குரல். சரக்கு அவ்வளவுதான். இந்தச் சங்கீதம் செத்துப்போய்விட்டது என்று வருஷத்துக்கு ஒருவராவது அறிவிக்கிறார். அவர் வீட்டு விசேஷத்துக்கும் எங்களைத்தான் கூப்பிடுகிறார்.

என்னைச் சேர்த்துக்கொண்ட பழைய டிரம்மர் ஒருவர் இருந்தார். சேர்ந்த புதிதில் எனக்குக் கை துறுதுறுவென்று இருக்கும். சந்து கிடைத்த இடத்திலெல்லாம் ஒரு சங்கதி போடுவேன். அவர் ஒருநாள் குச்சியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "தோ பாரும்மா, நாலு நோட்டு போதும். அஞ்சாவது நோட்டு பாட்டுக்கு இல்ல, உன் கொழுப்புக்கு." அன்றைக்கு அழுதேன். அப்புறம் அந்த நாலு நோட்டை வைத்துத்தான் வீடு கட்டினேன். ஆனால் அவர் சொன்னது எவ்வளவு தூரம் உண்மை என்பது சில வருஷங்களுக்கு முன்னால், தேர்வாய் கண்டிகையில் ஒரு ஆயுத பூஜையன்றுதான் விளங்கியது. அதைச் சொல்லத்தான் இவ்வளவு பீடிகை.

கம்பெனியின் பெயர் வேண்டாம். இரும்பை வளைத்து என்னமோ செய்கிற கம்பெனி. அன்றைக்குக் குடும்ப விழா. தொழிலாளிகள் மனைவி, பிள்ளைகளோடு வருவார்கள். பூஜை முடிந்து சாப்பாடு, சாப்பாடு முடிந்ததும் எங்கள் நிகழ்ச்சி, மூன்று மணிக்குக் கம்பெனி பஸ் எல்லோரையும் ஏற்றிக்கொண்டு திருவள்ளூர் கிளம்பும். நாங்கள் நாலு பேர் போயிருந்தோம். பாடவும் மவுத் ஆர்கன் வாசிக்கவும் தாஸ், டிரம்ஸுக்குப் பாபு, கிடாருக்கு முரளி, பேஸுக்கு நான். சாமான்களை ஷெட்டில் இறக்கிவிட்டு, கேன்டீனில் நாஷ்டா சாப்பிடப் போனோம். பொங்கலில் நெய் இருந்தது. அதில் மயங்கிவிட்டோம்.

திரும்பி வந்து பார்த்தால் எங்கள் சாமான் எதுவும் வைத்த இடத்தில் இல்லை. வெல்ஃபேர் ஆபீசர் ஹரிஷ் ஓடி வந்தார். தலைமை அலுவலகத்திலிருந்து புதிதாக வந்த பையன். எந்த வேலையையும் 'ஈடுபாடு' என்ற வார்த்தை இல்லாமல் செய்யத் தெரியாது.

"மேடம், ஒரு சர்ப்ரைஸ்! நீங்களும் எங்க குடும்பம்தானே? அதனால உங்க டூல்ஸையும் பூஜைல வெச்சுட்டோம்."

பார்த்தேன். லேத்துக்கும் டிரில்லிங் மெஷினுக்கும் நடுவில் என் பேஸ் கிடார் சாத்தி வைக்கப்பட்டிருந்தது. நாலு தந்திக்கும் தனித்தனியாகச் சந்தனம். முரளியின் கிடாரில் குங்குமம் போகக்கூடாத இடத்துக்கெல்லாம் போயிருந்தது. ஸ்நேர் டிரம்மின் மேல் பொரிகடலை குவித்து, நடுவில் ஒரு வாழைப்பழம் வைத்து, அதில் ஊதுபத்தி செருகியிருந்தார்கள். ஆம்ப்ளிஃபையர் மேல் எலுமிச்சம்பழம். மைக்குக்கு மாலை. ஐயர் மந்திரம் சொல்லி, கற்பூரம் காட்டி, பூசணிக்காயும் உடைத்தாகிவிட்டது.

உங்களுக்குத் தெரியும், ஆனாலும் சொல்கிறேன். இந்தப் பக்கம் பூஜையில் வைத்ததை அன்றைக்குத் தொடக் கூடாது. மறுநாள் காலை மறுபூஜை போட்ட பிறகுதான் எடுக்க வேண்டும். மெஷினுக்கு அன்றைக்கு ஓய்வு. வாசிக்க வந்தவர்களின் வாத்தியத்துக்கும் ஓய்வு கொடுத்த கம்பெனி உலகத்திலேயே அது ஒன்றாகத்தான் இருக்கும்.

ஹரிஷுக்கு விஷயம் மெதுவாகத்தான் உறைத்தது. முகம் வெளுத்தது. என் பக்கம் குனிந்து, "மேடம், நீங்க கிறிஸ்டியன்தானே? நீங்க எடுத்தா தப்பில்ல இல்ல?" என்றார்.

"நான் கிறிஸ்டியன்தாம்ப்பா. கிடார் இன்னா மதம்னு நீயே அதாண்ட கேளு. இப்ப அதுக்குத்தான் பொட்டு வெச்சினு கீற."

அதற்குள் பிளான்ட் மேனேஜர் வந்தார். நல்ல உயரம், கையில் இரண்டு போன், சிரித்தால் சம்பளம் பிடிப்பார்களோ என்கிற முகம். விஷயத்தைக் கேட்டதும் அதிசயமாகச் சிரித்தார். "இதுக்கா இவ்ளோ யோசனை? எடுத்து வாசிங்க மேடம். சாமி ஒண்ணும் கோச்சுக்க மாட்டாரு" என்றார். இவ்வளவு தாராளமான மேனேஜரை நான் பார்த்ததில்லை. கிடார் பக்கம் கையை நீட்டியும்விட்டேன்.

"யக்கா, தொடாதீங்க" என்று பின்னாலிருந்து ஒரு குரல். எத்திராஜ். அந்தக் கம்பெனியின் மூத்த ஃபிட்டர். அவர் நிற்காவிட்டால் அங்கே மெயின் உற்பத்தி லைன் ஓடாது. எங்கள் பாட்டுக்கு ஒவ்வொரு வருஷமும் முதலில் எழுந்து ஆடுகிறவர். என்னை ஒரு தூணுக்குப் பின்னால் கூட்டிப்போனார்.

"கேட்டாண்ட கன்டெய்னர் நிக்குது, பாத்தீங்களா? இன்னிக்கே சரக்கு ஏத்தி அனுப்பணும்னு காலைலேர்ந்து சொல்லிகினே கீறாரு. பூஜைல வெச்ச மெஷின ஓட்டமாட்டோம்னு நாங்க எல்லாரும் ஒரே பேச்சா நிக்கிறோம். இப்ப நீங்க கிடார எடுத்தீங்கனு வெய்யி, 'அதோ அவங்க எடுத்துட்டாங்க, சாமி கோச்சிக்கல, நீங்களும் லைன ஓட்டுங்கடா'ம்பாரு. அதுக்குத்தான் அந்த சிரிப்பு."

"சரி, அதுக்கு உனக்கு இன்னா இவ்ளோ பதட்டம்?"

அவர் வேட்டியைச் சரிசெய்துகொண்டார். அப்போதுதான் கவனித்தேன், புது வேட்டி. "எம் பொண்ண பாக்க வராங்கக்கா, சாயங்காலம். திருவாலங்காட்ல, எங்க ஊட்டுக்கு. மூணு மணி பஸ்ஸ புடிச்சாத்தான் திருவள்ளூர் போயி ரயிலேற முடியும். ரெண்டு தபா வந்த எடம் தட்டிப் போச்சி. ரெண்டு தபாவும் நான் ஓவர்டைம்ல இருந்தேன். 'பொண்ணோட அப்பன் எங்கே'னு கேக்கறாங்க. இன்னா பதில் சொல்றது? இந்த தபாவும் நான் இல்லேன்னா, எம் பொண்ணு எங்கூட பேசவே மாட்டா."

நீட்டிய கையை மடக்கிக்கொண்டேன். மேனேஜரிடம் போய், "சார், பூஜைல வெச்சத நாங்களும் தொடறதில்ல" என்றேன். அவருக்கு முகம் வாடும் என்று எதிர்பார்த்தேன். இன்னும் பெரிதாகச் சிரித்தார்.

"ரொம்ப நல்லதாப் போச்சு. அப்போ புரோகிராம் கேன்சல். சாப்பாடு முடிஞ்சதும் எல்லாரும் சும்மாதானே இருப்பாங்க? எத்திராஜ், ஒரு லைன் மட்டும். சீக்கிரம் முடிச்சுடலாம்."

அதாவது, நான் கிடாரைத் தொட்டாலும் லைன் ஓடும். தொடாவிட்டாலும், சும்மா உட்கார்ந்திருக்கிறவர்களைத் தனித்தனியாகப் பிடித்துப் பேசி லைனை ஓட்டிவிடுவார். இப்படிப்பட்ட மூளையெல்லாம் இரும்பு வளைக்கிற கம்பெனியில் வீணாகிக்கொண்டிருக்கிறது.

ஹரிஷ் பாவம், உதவுவதாக நினைத்து இன்னொரு யோசனை சொன்னார். "போன்ல பாட்டு போட்டுடலாமா சார்? போனுக்கு மட்டும் நாம பொட்டு வைக்கல." மேனேஜர் அவர் முதுகில் தட்டிக்கொடுத்தார். "சூப்பர். பாட்டு கேட்டுக்கிட்டே வேலை பாக்கலாம். புரொடக்‌ஷனும் ஏறும்." தம்பிகளே, நம் தொழிலைப் பற்றி இதைவிட நல்ல விளக்கம் நான் கேட்டதில்லை. போனில் வருகிற பாட்டைக் கேட்டுக்கொண்டே வேலை செய்யலாம். எதிரில் மனிதர்கள் நின்று வியர்த்து வாசிக்கிற பாட்டை வைத்துக்கொண்டு ஒரு நட்டுகூட முறுக்க முடியாது. அதனால்தான் மேனேஜர்களுக்கு முதல் வகை பிடிக்கிறது.

"புரோகிராம் கேன்சல் இல்ல சார். வாத்தியம் இல்லாமலே நடத்தறோம்" என்றேன். வாய் சொல்லிவிட்டது. எப்படி என்று அப்புறம்தான் யோசித்தேன். அவர் பெருந்தன்மையோடு, "ஒரு அரை மணி நேரம் ஏதாவது பண்ணுங்க. அதுக்கு மேல ஜனம் தானாவே எழுந்துடும்" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனார்.

தாஸ் சட்டைப் பையைத் தட்டிக் காட்டினான். மவுத் ஆர்கன் அவனோடு பொங்கல் சாப்பிட வந்ததால் பூஜைக்குத் தப்பியிருந்தது. சரி, ஒன்று ஆயிற்று. தட்டுவதற்கும் மீட்டுவதற்கும் ஏதாவது வேண்டுமே என்று ஷெட்டைச் சுற்றித் தேட ஆரம்பித்தோம். பொட்டு வைக்காத பொருள் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. ஹரிஷின் ஈடுபாடு அப்படி. தண்ணீர் கேன், நாற்காலி, கேன்டீன் அண்டா, தீயணைக்கிற சிலிண்டர், ஸ்டேப்ளர், விரல் வைத்து வருகைப் பதிவு செய்கிற மெஷின் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம். அந்த மெஷினுக்குப் பொட்டு வைத்த இடம் விரல் வைக்கிற இடம். மறுநாள் பாதிப் பேருக்கு ஆப்சென்ட் விழுந்திருக்கும்.

"பேஜாரு பா. இந்த ஆளு நம்ம நெத்தியத்தான் வுட்டு வெச்சிகிறாரு" என்றான் பாபு.

அப்போது எத்திராஜ் கேட்டார்: "ஸ்கிராப்பு?"

ஷெட்டுக்குப் பின்னால் கழிவு போடுகிற இடம். ஒதுக்கித் தள்ளியதற்கெல்லாம் சிவப்புப் பெயிண்டில் பெருக்கல் குறி போட்டு வைத்திருந்தார்கள். அங்கே யாரும் பொட்டோடு போகவில்லை. வேலைக்கு ஆகாது என்று எழுதிவைத்த சாமானுக்கு யார் பூஜை போடப்போகிறார்கள்? நசுங்கிய ஆயில் பேரல், சரக்கு அடுக்குகிற உடைந்த மரப் பேலட், தகரம், பேக்கிங் கம்பி, காலி பாட்டில். பாபுவுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அது சந்தோஷமா துருவா என்று நான் கேட்கவில்லை.

பேரலை உருட்டிக்கொண்டு வரும்போது செக்யூரிட்டி மறித்து, ஸ்கிராப் எடுக்க கேட் பாஸ் வேண்டும் என்றார். "கேட்டு தாண்டினாத்தான் நைனா கேட் பாஸு. இது உள்ளயே சுத்துது" என்றார் எத்திராஜ். சட்டம் தெரிந்த ஃபிட்டர்.

எனக்கு ஒரு பேஸ் வேண்டும். அமெரிக்காவில் பருத்திக் காட்டுக் கூலிகள், கிடார் வாங்க வழியில்லாமல், சுவரில் இரண்டு ஆணி அடித்துக் கம்பி கட்டி, பாட்டிலை முட்டுக்கொடுத்து வாசித்தார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். எங்கள் தாத்தாவும் கூலிதான், நெல் வயலில். அவருக்குக் கம்பி கட்டத் தோன்றவில்லை. பேத்தி கட்டினேன். நீளமான பேலட் கட்டையில் இரண்டு பக்கமும் ஏற்கெனவே ஆணி துருத்திக்கொண்டிருந்தது. எத்திராஜ்தான் கம்பியை இழுத்துக் கட்டினார். ஸ்பேனர், குறடு எல்லாம் பூஜையில் இருந்ததால் ஒரு கருங்கல்லை எடுத்து ஆணியைத் தட்டினார். புது வேட்டியில் துரு படாமல் அவர் தட்டிய அழகைப் பார்த்திருக்க வேண்டும். ஒரே கம்பி. விரலை நகர்த்தி நகர்த்திப் பார்த்தேன். நாலு நோட்டு வந்தது. போதும்.

சாப்பாடு முடிந்து ஜனங்கள் உட்கார்ந்தார்கள். மேடை கிடையாது, மைக் கிடையாது. முன்வரிசையில் மேனேஜர், பக்கத்தில் அவருடைய மனைவி, பள்ளியில் படிக்கிற மகள். பாபு பேரலை ஒரு தட்டுத் தட்டினான். அடிவயிற்றில் கேட்டது. முரளி தகரத்தை ஒரு மரத்துண்டால் தேய்த்தான். நான் கம்பியை மீட்டினேன். தாஸ் மவுத் ஆர்கனில் ஒரு நீளமான அழுகையை இழுத்தான், அழுகைக்கு நடுவிலேயே ஒரு தடவை கண்ணடித்தான். ப்ளூஸ் என்பது அதுதான். கஷ்டத்தைச் சொல்லவேண்டும், சொல்லும்போது இடுப்பு ஆட வேண்டும்.

முதல் வரியை ஏன் இரண்டு முறை பாடுகிறோம் என்று உங்களில் ஒருவர் கேட்டார். அழகுக்காக என்று நினைத்திருப்பீர்கள். இல்லை. மூன்றாவது வரியை யோசிக்க நேரம் வேண்டுமே, அதற்காக. தாஸ் அன்றைக்கு ஒன்றையும் தயார் செய்யவில்லை. கேன்டீனைப் பார்த்தான், பாடினான்.

"சாம்பாரு ஊத்தினாங்க, பருப்பத் தேடினு கீறேன்…"

ஜனம் அதையே திருப்பிப் பாடியது. மறுபடி பாடினான். மறுபடி திருப்பிப் பாடியது. எல்லோரும் மூன்றாவது வரிக்காகக் கழுத்தை நீட்டினார்கள்.

"பருப்பு கெடச்சா சொல்லு மாமே, பங்கு போட்டுத் தின்னலாம்!"

ஷெட்டின் கூரை எழும்பி உட்கார்ந்தது. கேன்டீன் மாஸ்டரே விசிலடித்தார். அடுத்த பாட்டை நாங்கள் தொடங்கவில்லை. ஒரு தொழிலாளியின் மனைவி, மஞ்சள் புடவை, குழந்தையைப் பக்கத்தில் இருந்தவளிடம் கொடுத்துவிட்டு எழுந்தாள்.

"ஷிஃப்ட்டு முடிஞ்சிதாம், ஊட்டுக்கு வரல ஆளு…"

இரண்டு தடவை. எல்லோரும் அவள் புருஷனைத் திரும்பிப் பார்க்கிறார்கள். அவன் ஏற்கெனவே நாற்காலிக்குக் கீழே எதையோ தேட ஆரம்பித்துவிட்டான்.

"டீக்கடையில குந்திகினு ஓவர்டைம்னு சொல்றாரு!"

அதற்கப்புறம் எங்களுக்கு வேலை தாளம் தட்டுவது மட்டும்தான். ஆளுக்கு ஒரு வரி. மாமியார், பஸ், மின்வெட்டு, மச்சினன். பாட்டெழுதப் படித்தவர்கள் யாரும் அங்கே இல்லை. இருந்தால் இவ்வளவு நன்றாக வந்திருக்காது.

அரை மணி நேரம் ஆனதும் மேனேஜர் எழுந்தார். ஒரு ஜனமும் தானாக எழுந்து போகவில்லை என்பது அவருக்கு ஆச்சரியமாக இருந்திருக்க வேண்டும். நேராக எங்கள் நடுவில் வந்து கையை உயர்த்தினார். பாபு நிறுத்தலாமா என்று என்னைப் பார்த்தான். இங்கேதான் தம்பிகளே, ஒரு நொடியில் முடிவெடுக்க வேண்டியிருந்தது. மரியாதைப்படி நிறுத்த வேண்டும். நிறுத்தினால் அவர் சொல்லப்போவது லைனுக்குக் கிளம்பச் சொல்லும் அறிவிப்பு ஆகிவிடும். நான் கம்பியிலிருந்து விரலை எடுக்கவில்லை. பாபு புரிந்துகொண்டான்.

மேனேஜர் சத்தமாகச் சொன்னார்: "கன்டெய்னர் நிக்குது கேட்டுல, எல்லாருக்கும் தெரியுமில்ல?"

தாளத்தின் மேலேயே வந்து விழுந்தது. ஜனம் ஒரு கணம் விழித்தது. அப்புறம் மொத்த ஷெட்டும் சேர்ந்து பாடியது: "கன்டெய்னர் நிக்குது கேட்டுல, எல்லாருக்கும் தெரியுமில்ல!"

"நான் பாடல!" என்று கத்தினார். "கன்டெய்னர் நிக்குது கேட்டுலன்னு சொல்றேன்!"

இரண்டாவது வரியும் ஆயிற்று. ஜனம் அதையும் திருப்பிப் பாடியது. பாபு தட்டிக்கொண்டே இருந்தான். தாஸ் மவுத் ஆர்கனை வாயிலிருந்து எடுத்துவிட்டு அவருக்கு வழிவிட்டு நின்றான். அத்தனை பேரும் அவர் வாயைப் பார்த்தார்கள். மூன்றாவது வரி வர வேண்டும். அவர் மகள் முன்வரிசையிலிருந்து, "அப்பா, சீக்கிரம் சொல்லுப்பா!" என்று கத்தினாள். மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். எத்திராஜ் மட்டும் சிரிக்கவில்லை. தூண் ஓரத்தில் துண்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். எனக்கு விரல் வலித்தது, கம்பி அறுத்துக்கொண்டிருந்தது. இந்த மனிதர் 'லைனுக்குப் போங்க' என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது என்று எனக்குத் தெரியாது. பயந்தேன்.

மேனேஜரின் வலது கால் ஆடிக்கொண்டிருந்தது. அவருக்குத் தெரிந்திருக்காது. ஒரு சுற்று போயிற்று. அடுத்த சுற்று வந்தது. சரியாக இடத்தில் வாயைத் திறந்தார்.

"நின்னா நிக்கட்டும் விடு, நாளைக்கு ஏத்திக்கலாம்!"

அந்தக் கூச்சல் மீஞ்சூரில் எங்கள் வீட்டுக்கே கேட்டிருக்கும். மகள் ஓடி வந்து அப்பாவைக் கட்டிக்கொண்டாள். பாடியதைத் திரும்ப எடுக்க அவர் வாயைத் திறந்து திறந்து பார்த்தார். ஷெட் முழுக்க அதையே பாடிக்கொண்டிருந்தது, அவர் குரல் அவருக்கே கேட்கவில்லை.

மூன்று மணி பஸ் சரியாகக் கிளம்பியது. எத்திராஜ் ஜன்னலிலிருந்து எனக்கு இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டார். வாய் ஏதோ சொன்னது. நான் கம்பி கிழித்த விரலை வாயில் வைத்துக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினேன். பெண் பார்க்க வந்தவர்களுக்கு அன்றைக்கு அவர் கையாலேயே பழத்தட்டை நீட்டினாராம். அப்புறம் சொன்னார்கள்.

பைக்கில் வந்த சிலர் மட்டும் இன்னும் உட்கார்ந்திருந்தார்கள். மனைவியையும் மகளையும் காரில் அனுப்பிவிட்டு மேனேஜர் திரும்பி வந்தார். ஒரு போன் அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை. என் எதிரில் ஒரு உடைந்த பேலட்டின் மேல் உட்கார்ந்தார்.

"நான் அப்படிச் சொல்ல வரல, மேடம். இழுத்துட்டுப் போயிடுச்சு" என்றார்.

"அது அப்படித்தான் சார்."

பேரலை விரலால் ஒருமுறை தட்டிப் பார்த்தார். போன் நின்று, மறுபடியும் அடித்தது. "இன்னும் ஒண்ணு இருக்கு. பாடட்டுமா?" என்று கேட்டார், கடையில் கடன் கேட்கிற மாதிரி.

பாபு மெதுவாக ஆரம்பித்தான். நான் அடுத்த விரலுக்கு மாறிக்கொண்டேன். பிளான்ட் மேனேஜர் கண்ணை மூடிக்கொண்டு, பாலிஷ் இல்லாத ஒரு குரலில் பாடினார்.

"ஹெட் ஆபீஸு கூப்புடுது, நான் என்னத்தைச் சொல்லுவேன்…"

மீதமிருந்த நாலைந்து தொழிலாளிகள் அதைத் திருப்பிப் பாடினார்கள். அவர் மறுபடி பாடினார். அவர்களும் மறுபடி பாடினார்கள். மூன்றாவது வரி அவருக்கு வரவில்லை. யாரும் எழுந்து போகவில்லை. அவர் யோசிக்கட்டும் என்று நாங்கள் தட்டிக்கொண்டே இருந்தோம்.